நச்சாடையும் நுண்ணுயிரியும்: பாக்டீரியாச் செல்சுவர்க் கொழுமியங்களின் வேதிக் கட்டமைப்பும் நச்சுத்தன்மையும்

ஆய்வுச் சுருக்கம்

பாக்டீரியாக்களின் செல்சுவரிலும் புறவுறையிலும் அமைந்துள்ள கொழுமியங்களுள் சில, மனித உடலில் காய்ச்சல், அழற்சி, திசுச்சிதைவு முதலிய விளைவுகளைத் தோற்றுவிக்கின்றன. அவற்றின் வேதிக் கட்டமைப்புக்கும் நச்சுத்தன்மைக்கும் இடையிலான தொடர்பை இக்கட்டுரை விளக்குகிறது. சென்னைக் காசநோயாளிகளிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்ட நுண்ணுயிரிகள் கினிப்பன்றிகளில் வன்மை குன்றிக் காணப்பட்டன என்னும் 1960ஆம் ஆண்டுக் கண்டறிதலும், அதற்குக் காரணமான கொழுமியத்தைத் தேடிய அரை நூற்றாண்டு முயற்சியும் இங்கு முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகின்றன. ஒரு கொழுமியம் நோய்வன்மையுடன் சேர்ந்து காணப்படுவதும், அவ்வன்மைக்குக் காரணமாக இருப்பதும் வெவ்வேறானவை என்பது இச்சான்றின் வழி நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கொழுமியம், அகநச்சு, மைக்காலிக் அமிலம், நாண்காரணி, காசநோய், நோய்வன்மை, மரபுக்கிளை.

முன்னுரை

விருதுநகர் மாவட்டத்தில் இராசபாளையத்தை அடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் தேவதானம். இவ்வூர்க் கோயிலில் எழுந்தருளியுள்ள இறைவனின் பெயர் நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி. பகையரசன் அனுப்பிய நஞ்சு தோய்ந்த ஆடையிலிருந்து பாண்டிய மன்னனை இறைவன் காத்தார் என்பது தலவரலாறு. நஞ்சு என்னும் மென்தொடர்க் குற்றியலுகரச் சொல் புணர்ச்சியில் வன்தொடராகி, நச்சு + ஆடை எனச் சேர்ந்து நச்சாடை ஆயிற்று. உடலைக் காக்க வேண்டிய ஆடையே நஞ்சாக அமைதல் என்னும் பொருளை ஒரே சொல்லில் அடக்கிய அரிய தமிழ்ப்பெயர் இது.

உயிரியலில் இச்சொல்லுக்கு மிக அருகில் நிற்கும் பொருள் பாக்டீரியாவின் புறவுறை. அதனைப் போர்த்தியிருக்கும் கொழுமியங்கள் (லிப்பிடுகள் எனப் பாடநூல்கள் வழங்குபவை) பாக்டீரியாவை வறட்சியிலிருந்தும் மருந்திலிருந்தும் நோயெதிர்ப்புச் செல்களிலிருந்தும் காக்கின்றன. அதே கொழுமியங்கள் அவ்வுறையைத் தீண்டும் உடலுக்கு நஞ்சாகவும் அமையக்கூடும். கதையில் ஆடை அணிபவனைக் கொல்கிறது. நுண்ணுயிரியிலோ ஆடை அணிந்த உயிரியைக் காத்து, அதனைத் தீண்டியவரை வருத்துகிறது.

இவ்வுறையின் எந்தப் பகுதி நஞ்சு, அது ஏன் நஞ்சாகிறது என்னும் வினாக்களுக்கு வேதியியல் கட்டமைப்பின் வழி விடை காண்பது இக்கட்டுரையின் நோக்கம். முதலில் குடல்வாழ் பாக்டீரியாக்களின் அகநச்சும், அடுத்துக் காசநோய் நுண்ணுயிரியின் மெழுகுறையும், பின்னர்ச் சென்னையில் எழுந்த வன்மை பற்றிய வினாவும் முறையே ஆராயப்படுகின்றன.

அகநச்சும் புறநச்சும்

பாக்டீரியா நஞ்சுகளை இருவகையாகப் பகுப்பது மரபு. உயிருள்ள பாக்டீரியா சுரந்து வெளியேற்றும் புரத நஞ்சு புறநச்சு. பாக்டீரியாவின் உடற்பகுதியாகவே இருந்து, அது சிதையும்போது பெருமளவில் வெளிப்படுவது அகநச்சு. 1892ஆம் ஆண்டில் ஜெர்மனியின் இராபர்ட் காக் ஆய்வகத்தைச் சேர்ந்த ரிச்சர்டு ஃபைஃபர், வெப்பத்தால் கொல்லப்பட்ட காலரா நுண்ணுயிரிகளும் விலங்குகளுக்கு நஞ்சாவதைக் கண்டார். வெப்பத்தால் அழியாத இந்நஞ்சு செல்லின் உட்பொருள் எனக் கருதி, அதற்கு எண்டோடாக்சின் என்னும் பெயரை வழங்கினார். அது செல்லின் உள்ளே இல்லாமல் புறச்சவ்வில் அமைந்த கொழுமியச் சர்க்கரை என்பது பின்னரே தெளிவாயிற்று. எனினும் பழைய பெயரே நிலைத்துவிட்டது.

காலராவின் கடும் வயிற்றுப்போக்குக்கும் இந்த அகநச்சே காரணம் என்னும் கருத்து நெடுங்காலம் நிலவியது. நுண்ணுயிரியிடம் நஞ்சு இருக்கிறது, நோயாளியிடம் நோய் இருக்கிறது, எனவே ஒன்று மற்றதன் காரணம் எனக் கருதுவது எளிது. கல்கத்தாவில் பணியாற்றிய சம்புநாத் தே 1959ஆம் ஆண்டில் இக்கருத்தை மாற்றினார். பாக்டீரியாக்கள் முற்றிலும் வடிகட்டி நீக்கப்பட்ட வளர்ப்பு நீர்மத்தை, கட்டப்பட்ட முயற்குடல் பகுதிக்குள் செலுத்தியபோது, அங்கு நீர் பெருகுவதை அவர் காட்டினார். காலராவின் நீரிழப்புக்குக் காரணம் சுரக்கப்படும் புரத நஞ்சு என்பது இதனால் உறுதியாயிற்று. அகநச்சு உண்மையான நஞ்சே. ஆனால் அந்நோயின் தலையாய அறிகுறிக்கு அது பொறுப்பன்று. இவ்வேறுபாடு, பின்வரும் காசநோய்க் கொழுமியங்களின் வரலாற்றிலும் மீண்டும் எழுகிறது.

கொழுமியம் ஏ: கட்டமைப்பே அளவுகோல்

ஆட்டோ வெஸ்ட்ஃபாலும் ஆட்டோ லூடெரிட்சும் 1950களின் முற்பகுதியில் சூடான பீனாலும் நீரும் கலந்த கரைசலைக் கொண்டு அகநச்சைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தனர். அதன் நீண்ட சர்க்கரைத் தொடரை அமிலத்தால் நீக்கியபின் எஞ்சிய கொழுப்புப் பகுதிக்குக் கொழுமியம் ஏ என்று பெயரிட்டனர். அகநச்சின் நச்சுத்தன்மை முழுவதும் இப்பகுதியில் அடங்கியுள்ளது. ஜப்பானிய வேதியியலாளர்கள் 1980களின் நடுப்பகுதியில் இம்மூலக்கூற்றைச் செயற்கையாகத் தொகுத்து, தொகுக்கப்பட்ட பொருளும் அதே நச்சு விளைவைத் தருவதைக் காட்டியபோது ஐயம் நீங்கியது.

எஷ்சரிச்சியா கோலி பாக்டீரியாவின் கொழுமியம் ஏ, இரண்டு குளுக்கோசமைன் சர்க்கரைகள் இணைந்த முதுகெலும்பைக் கொண்டது. அதன் இரு முனைகளிலும் ஒவ்வொரு பாஸ்பேட் தொகுதி உள்ளது. அம்முதுகெலும்பில் ஆறு கொழுப்பு அமிலச் சங்கிலிகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றும் 12 அல்லது 14 கார்பன் நீளமுடையது. மனிதச் செல்களின் மேற்பரப்பில் உள்ள டி.எல்.ஆர்.4 என்னும் ஏற்பியும், அதனுடன் இணைந்த எம்.டி.2 என்னும் புரதமும் இம்மூலக்கூற்றை உணர்கின்றன. அகநச்சை உணரும் ஏற்பி டி.எல்.ஆர்.4 என்பதை எலிகளின் மரபணு வழி 1998ஆம் ஆண்டில் கண்டறிந்த புரூஸ் பாய்ட்லர், 2011ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஏற்பியின் முப்பரிமாண வடிவம் 2009ஆம் ஆண்டில் வெளியானபோது, ஐந்து சங்கிலிகள் எம்.டி.2 புரதத்தின் குழிக்குள் அமிழ்வதும், ஆறாம் சங்கிலி குழியின் வெளியே நீண்டு இரண்டாவது ஏற்பியைத் தொட்டுப் பிணைப்பதும் புலப்பட்டன. அவ்வாறு இரு ஏற்பிகள் இணையும்போதுதான் அழற்சிக்கான கட்டளை செல்லுக்குள் செல்கிறது.

சங்கிலிகளின் எண்ணிக்கை ஆறிலிருந்து நான்காகக் குறைந்தால் விளைவு தலைகீழாகிறது. நான்கு சங்கிலி கொண்ட முன்னோடி மூலக்கூறு மனிதச் செல்களில் அகநச்சைத் தடுக்கும் பொருளாகச் செயற்படுகிறது. ஆனால் அதே மூலக்கூறு எலியின் செல்களில் நஞ்சாகவே செயற்படுகிறது. ஒரு பாஸ்பேட்டை நீக்கினால் நச்சுத்தன்மை பெரிதும் குறைந்து, நோயெதிர்ப்பைத் தூண்டும் ஆற்றல் மட்டும் எஞ்சுகிறது. ஒற்றைப் பாஸ்பேட் கொண்ட இவ்வகைக் கொழுமியம் ஏ, கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஒன்றில் துணைத்தூண்டியாகச் சேர்க்கப்படுகிறது. இவற்றிலிருந்து இரு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, கட்டமைப்பில் ஏற்படும் சிறு மாற்றம் நச்சை மருந்தாக்கக் கூடும். இரண்டாவது, ஒரே மூலக்கூறு ஓர் உயிரினத்துக்கு நஞ்சாகவும் மற்றோர் உயிரினத்துக்கு மாற்றாகவும் அமையக்கூடும். விலங்குச் சோதனையில் கண்ட நச்சுத்தன்மையை மனிதனுக்கு அப்படியே பொருத்துவதில் உள்ள இடர்ப்பாட்டை இவ்விரண்டாம் முடிவு உணர்த்துகிறது.

காசநோய் நுண்ணுயிரியின் மெழுகுறை

காசநோயை உண்டாக்கும் மைக்கோபாக்டீரியம் டியூபர்குளோசிஸ், கொழுமியம் ஏ கொண்ட பாக்டீரியாக் குழுவைச் சேர்ந்ததன்று. அதன் செல்சுவர் மூன்று அடுக்குகள் ஒன்றோடொன்று வேதிப்பிணைப்பால் கோக்கப்பட்டது. உள்ளடுக்கில் பெப்டிடோகிளைக்கான் வலை. நடுவில் அரபினோகலக்டான் என்னும் சர்க்கரைத் தொடர். அதன் நுனிகளில் மைக்காலிக் அமிலங்கள். இவ்வுயிரியின் உலர் எடையில் 40 விழுக்காடு வரை கொழுமியங்களே. சளிப் பரிசோதனையில் கார்பால் ஃபியூக்சின் சாயம் ஏற்ற இவ்வுயிரி, அமிலத்தால் கழுவினாலும் நிறம் இழக்காமல் சிவப்பாகவே நிற்பதற்கு இம்மெழுகுறையே காரணம்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆர். ஜே. ஆண்டர்சன் 1920களிலும் 1930களிலும் இவ்வுறையின் கொழுமியங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். மைக்காலிக் அமிலம் என்னும் பெயர் 1938ஆம் ஆண்டில் அவர் குழுவினர் இட்டது. சமையல் எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்கள் பெரும்பாலும் 16 அல்லது 18 கார்பன் கொண்டவை. காசநோய் நுண்ணுயிரியின் மைக்காலிக் அமிலம் 70 முதல் 90 வரை கார்பன் கொண்டது. அதன் அமிலத் தொகுதிக்கு அருகே ஒரு கிளைச் சங்கிலியும் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியும் உள்ளன. இத்தகைய நீண்ட சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கப்பட்டுப் புறத்தே இரண்டாவது சவ்வாக அமைகின்றன என்னும் மாதிரியை 1982ஆம் ஆண்டில் டேவிட் மின்னிக்கின் முன்மொழிந்தார். உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கி வழி அச்சவ்வு 2008ஆம் ஆண்டில் நேரடியாகக் காணப்பட்டது.

செல்சுவரோடு பிணைந்த மைக்காலிக் அமிலங்களின்மீது, பிணைப்பின்றித் தளர்வாகப் படிந்த வேறு கொழுமியங்களும் உள்ளன. நச்சுத்தன்மை பற்றிய விவாதம் பெரும்பாலும் இத்தளர்வான கொழுமியங்களைச் சுற்றியே நிகழ்ந்துள்ளது.

நாண்காரணி: நச்சும் அதன் அமைவும்

வளர்ப்பு ஊடகத்தில் காசநோய் நுண்ணுயிரிகள் திரித்த கயிறு போல இணைந்து வளர்வதைக் காக் தம் காலத்திலேயே கண்டிருந்தார். 1947ஆம் ஆண்டில் மிடில்புரூக், டூபோஸ், பியர்ஸ் ஆகியோர் இந்நாண் வடிவ வளர்ச்சியை நோய்வன்மையோடு தொடர்புபடுத்தினர். 1950ஆம் ஆண்டில் ஹியூபர்ட் பிளாக், நுண்ணுயிரிகளைப் பெட்ரோலிய ஈதரால் கழுவி, அக்கரைப்பானில் வெளிவந்த கொழுமியம் எலிகளுக்கு நஞ்சாவதைக் காட்டினார். இது நாண்காரணி எனப்பட்டது. 1956ஆம் ஆண்டில் அதன் கட்டமைப்பு நிறுவப்பட்டது: இரண்டு குளுக்கோஸ் இணைந்த டிரெகலோஸ் சர்க்கரையின் இரு ஆறாம் கார்பன்களிலும் எஸ்டர் பிணைப்பால் இணைந்த இரு மைக்காலிக் அமிலங்கள்.

நாண்காரணியின் நச்சுத்தன்மை அதன் வேதி வாய்பாட்டால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. நீரில் கலக்கப்பட்ட நிலையில் அது ஏறத்தாழத் தீங்கற்றது. எண்ணெய்த் துளிகளின் மேற்பரப்பில் ஓரடுக்குப் படலமாகப் பரவும்போது கடும் நஞ்சாகிறது. இவ்விளைவில் மேற்பரப்பின் பங்கினை 1981ஆம் ஆண்டில் ரெட்சிங்கரும் உடனாய்வாளர்களும் ஆராய்ந்து காட்டினர். மூலக்கூறு ஒன்றே, அது அடுக்கப்பட்டிருக்கும் முறை மாறும்போது விளைவு மாறுகிறது. நாண்காரணியை உணரும் ஏற்பி மின்கிள் என்பதை 2009ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். மேலும், நோய் உண்டாக்காத மண்வாழ் மைக்கோபாக்டீரியாக்களிலும் நாண்காரணி காணப்படுகிறது. எனவே இக்கொழுமியம் இருப்பதாலேயே ஒரு நுண்ணுயிரி நோய் வன்மையுடையது எனக் கொள்ள இயலாது.

சென்னையில் எழுந்த வினா

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை மாநில அரசு, உலக சுகாதார அமைப்பு, பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை இணைந்து 1956ஆம் ஆண்டில் சென்னையில் காசநோய் வேதிமருத்துவ மையத்தை நிறுவின. இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயரில் சேத்துப்பட்டில் இயங்குகிறது. காசநோயாளியைச் சானடோரியத்தில் வைத்துப் பேணுவதற்கு நிகராக, வீட்டிலிருந்தே மருந்து உட்கொள்ளும் முறையும் பயன் தரும் என்பதை 1959ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தது இம்மையம். வீட்டுச் சிகிச்சை ஏழை நோயாளிகளுக்கும் எட்டக்கூடியதாயிற்று. உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் திசையே இதனால் மாறியது.

அதே மையத்தின் நோயாளிகளிடமிருந்து பெறப்பட்ட நுண்ணுயிரிகளை, டி. ஏ. மிச்சிசனும் உடனாய்வாளர்களும் பிரித்தானிய நோயாளிகளின் நுண்ணுயிரிகளோடு ஒப்பிட்டு 1960ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஒப்பீட்டுக்குரிய விலங்கு கினிப்பன்றி. தென்னிந்திய நுண்ணுயிரிகளின் வன்மை பரந்த வேறுபாடு கொண்டதாகவும், அவற்றுள் பல பிரித்தானிய வகைகளைவிட வன்மை குன்றியவையாகவும் இருந்தன. ஐசோனியசிட் மருந்துக்கு எதிர்ப்பு பெற்ற நுண்ணுயிரிகள் கினிப்பன்றிகளில் வன்மை இழப்பது முன்னரே அறியப்பட்டிருந்தது. ஆனால் சென்னை நுண்ணுயிரிகள் சிகிச்சை தொடங்கும் முன்னரே பெறப்பட்டவை. அம்மருந்துக்குக் கட்டுப்படும் வகைகளிலும் இவ்வன்மைக் குறைவு காணப்பட்டது. அவற்றுள் வன்மை குன்றியவை ஹைட்ரஜன் பெராக்சைடால் எளிதில் கொல்லப்படுவதும் 1963ஆம் ஆண்டில் தெரியவந்தது.

இங்கு ஒரு முரண் எழுகிறது. விலங்கில் வலுவற்றதாகக் காணப்பட்ட இதே நுண்ணுயிரிகள், சென்னை மக்களின் நுரையீரல்களைச் சிதைத்து அவர்களை மருத்துவ மையத்துக்குக் கொண்டுவந்தவை. வன்மை குன்றியவை என்னும் சொல் கினிப்பன்றிக்குப் பொருந்தியது, நோயாளிக்குப் பொருந்தவில்லை.

இவ்வினா ஆய்வகத்துக்குள் மட்டும் நிற்கவில்லை. 1968ஆம் ஆண்டில் செங்கற்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசியின் மாபெரும் சோதனை தொடங்கியது; இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் பங்கு பெற்றனர். நுரையீரல் காசநோயிலிருந்து தடுப்பூசி பாதுகாப்பு அளிக்கவில்லை என்னும் முதற்கட்ட முடிவு 1979ஆம் ஆண்டில் வெளியானது. பதினைந்து ஆண்டுக் கண்காணிப்பின் முடிவு 1999ஆம் ஆண்டில் வந்தபோதும், வயதுவந்தோரைப் பொறுத்தவரை அம்முடிவு மாறவில்லை. இத்தோல்விக்கு முன்வைக்கப்பட்ட விளக்கங்களுள் சூழலில் வாழும் பிற மைக்கோபாக்டீரியாக்களின் தாக்கம் ஒன்று. தென்னிந்திய நுண்ணுயிரியின் தனித்தன்மை மற்றொன்று. ஆகவே, இந்நுண்ணுயிரிகள் எவ்வகையில் வேறுபட்டவை என்பது ஒரு மாவட்ட மக்களின் பாதுகாப்போடு தொடர்புடைய வினாவாயிற்று.

உறையில் விடை தேடல்

அமெரிக்காவின் டென்வர் நகரில் பணியாற்றிய மேயர் கோரன், இவ்வேறுபாட்டின் காரணத்தைக் கொழுமியங்களில் தேடினார். கினிப்பன்றியில் வன்மை அளவிடப்பட்ட நுண்ணுயிரிகளின் கொழுமியங்களை மெல்லடுக்கு வண்ணப்பிரிகை முறையில் பிரித்து ஒப்பிட்டார். 1974ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட முடிவுகள் இரண்டு. வன்மை மிக்கவற்றில் சல்பேட் தொகுதி தாங்கிய டிரெகலோஸ் கொழுமியங்கள் மிகுதியாக இருந்தன. வன்மை குன்றிய தென்னிந்திய வகைகளில் வேறொரு கொழுமியம் காணப்பட்டது. அதனை அவர் வலுவிழப்புக் காட்டிக் கொழுமியம் என்று அழைத்தார்.

சல்பேட் கொழுமியத்தின் முதன்மை வடிவத்தில், டிரெகலோஸ் சர்க்கரையில் ஒரு சல்பேட் தொகுதியும் நான்கு கொழுப்பு அமிலங்களும் உள்ளன. சல்பேட்டின் எதிர்மின் ஏற்றம், நீண்ட சங்கிலிகளின் எண்ணெய்த்தன்மை ஆகிய இரண்டும் ஒரே மூலக்கூற்றில் அமைவதால் அது சவ்வுகளைப் பாதிக்கும் ஆற்றலுடையது எனக் கருதப்பட்டது. பெருவிழுங்கிச் செல் நுண்ணுயிரியை விழுங்கியபின், செரிமான நொதிகள் நிறைந்த லைசோசோம் அதனுடன் இணைந்து அதனை அழிக்க வேண்டும். சல்பேட் கொழுமியம் இவ்விணைப்பைத் தடுக்கிறது என 1976ஆம் ஆண்டில் கோரனும் உடனாய்வாளர்களும் அறிவித்தனர். கட்டமைப்பு, விளைவு, வன்மையோடு தொடர்பு ஆகிய மூன்றும் பொருந்திவந்தமையால், நச்சாடையின் நூல் அகப்பட்டுவிட்டதாகத் தோன்றியது.

மரபணு நீக்கம் தந்த தீர்ப்பு

காசநோய் நுண்ணுயிரியில் குறித்த ஒரு மரபணுவை மட்டும் நீக்கும் நுட்பம் 1990களில் கைவந்தது. ஒரு கொழுமியத்தை உருவாக்கும் மரபணுவை நீக்கி, எஞ்சிய நுண்ணுயிரி வன்மை இழக்கிறதா எனக் காண்பது இதனால் இயன்றது. இச்சோதனையில் தேறிய கொழுமியமும் உண்டு, தேறாததும் உண்டு.

தேறியது தையோசெரால் டைமைக்கோசெரோசேட். 34 கார்பன் அளவிலான நீண்ட ஆல்கஹாலுடன், மெத்தில் கிளைகள் கொண்ட இரு கொழுப்பு அமிலங்கள் எஸ்டர் பிணைப்பால் இணைந்த மெழுகு இது. இதனை உருவாக்கவோ வெளியேற்றவோ இயலாத நுண்ணுயிரிகள் எலியின் நுரையீரலில் வலுவிழப்பதை 1999ஆம் ஆண்டில் இரு குழுவினர் தனித்தனியே காட்டினர். லலிதா ராமகிருஷ்ணன் குழுவினர், காசநோய் நுண்ணுயிரியின் நெருங்கிய உறவான மீன் நுண்ணுயிரியைக் கொண்டு வரிக்குதிரை மீனில் செய்த ஆய்வை 2014ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நோயெதிர்ப்புச் செல்கள் அடையாளம் காணக்கூடிய மூலக்கூறுகளை இம்மெழுகு மறைத்துவிடுகிறது என்பது அவர்கள் முடிவு. இங்கு கொழுமியத்தின் ஆற்றல் தாக்குவதில் இல்லை; மறைப்பதில் உள்ளது.

தேறாதது சல்பேட் கொழுமியம். அதனை உருவாக்கும் பி.கே.எஸ்.2 மரபணு நீக்கப்பட்ட நுண்ணுயிரி, எலியிலும் கினிப்பன்றியிலும் முன்போலவே வன்மையோடு விளங்கியது என 2003ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டியது. அதே ஆண்டில் வெளியான வேறோர் ஆய்வில், எம்.எம்.பி.எல்.8 என்னும் கடத்திப் புரதம் நீக்கப்பட்ட நுண்ணுயிரியும் சல்பேட் கொழுமியத்தை இழந்தது. ஆனால் அது எலிகளில் வன்மை குன்றியது. இரண்டிலும் முழுமையான சல்பேட் கொழுமியம் இல்லை; விளைவோ வெவ்வேறு. ஆகவே அக்கொழுமியத்தின் இன்மை மட்டும் வன்மைக் குறைவுக்குக் காரணமாக இருக்க இயலாது.

எனினும் இம்மூலக்கூறு பயனற்றதன்று. வலியை உணரும் நரம்புகளைச் சல்பேட் கொழுமியம் தூண்டி இருமலை உண்டாக்குகிறது என 2020ஆம் ஆண்டில் டெக்சாஸ் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். இக்கொழுமியத்தை உருவாக்க இயலாத நுண்ணுயிரியால் தொற்றிய கினிப்பன்றிகள் இருமவில்லை. காற்றின் வழிப் பரவும் நோய்க்கு இருமலே வாகனம். வன்மையை அளந்தவர்கள் உறுப்புகளின் சிதைவைக் கண்டனர். இக்கொழுமியத்தின் பணி ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்குச் செல்லும் வழியில் இருக்கக்கூடும் என்பது அதே விலங்கில் அரை நூற்றாண்டு கழித்தே புலப்பட்டது.

வலுவிழப்புக் காட்டியின் இன்றைய பொருள்

சென்னை வகைகளுக்கு உரியதாகக் கோரன் கண்ட கொழுமியத்தின் நிலையும் 2011ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. வியட்நாம் நோயாளிகளிடமிருந்து பெற்ற மூன்று மரபுக்கிளைகளின் நுண்ணுயிரிகளை ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். தென்னிந்தியாவில் மிகுதியாகக் காணப்படும் இந்தியப் பெருங்கடல் மரபுக்கிளையைச் சேர்ந்த எல்லா நுண்ணுயிரிகளிலும் ஒரு தனிக் கொழுமியம் இருந்தது. அது ஃபீனால்தையோசெரால் டைமைக்கோசெரோசேட். கோரன் கண்ட வலுவிழப்புக் காட்டியும் இதுவே. மேலே கண்ட மெழுகின் நீண்ட ஆல்கஹால் சங்கிலியின் நுனியில் ஒரு ஃபீனால் வளையம் சேர்ந்த வடிவம் இது. இதனை உருவாக்கச் சிதைவற்ற பி.கே.எஸ்.15/1 மரபணு தேவை. ஆய்வகங்கள் பெரிதும் பயன்படுத்தும் எச்.37 ஆர்.வி. உள்ளிட்ட ஐரோப்பிய-அமெரிக்க மரபுக்கிளையில் இம்மரபணு சில எழுத்துகளை இழந்து செயலற்றுள்ளது.

இம்மரபணு சிதைக்கப்பட்டபோது கொழுமியம் மறைந்தது. ஆனால் பெருவிழுங்கிச் செல்களில் நுண்ணுயிரி தூண்டிய அழற்சிப் புரதங்களின் அளவு மாறவில்லை. மேலும், இந்தியப் பெருங்கடல் மரபுக்கிளை பெருவிழுங்கிகளில் ஐரோப்பிய-அமெரிக்க வகையைவிட மிகுதியான அழற்சியைத் தூண்டியது. ஆகவே வலுவிழப்புக் காட்டி என்னும் பெயர், ஒரு மரபுக்கிளையின் அடையாளத்தைக் காரணமாகக் கருத இடம் தந்த பெயர். ஒரு குடும்பத்தார் அனைவரும் அணியும் மோதிரம் அக்குடும்பத்தை இனங்காட்டும்; அவர்களின் உடல்வலிமைக்கு அது காரணமாகாது.

இதே கட்டமைப்பின்மீது சர்க்கரைகள் சேரும்போது நிலை மாறுகிறது. தொழுநோய் நுண்ணுயிரியில் இவ்வகை ஃபீனால் முதுகெலும்பின்மீது மூன்று சர்க்கரைகள் இணைந்து ஃபீனால் கிளைக்கோலிப்பிடு-1 உருவாகிறது. நரம்பு இழையைச் சூழ்ந்த ஷ்வான் செல்களின் புறத்தே உள்ள லாமினின்-2 புரதத்துடன் அது பிணைவதை 2000ஆம் ஆண்டில் அனுரா ரம்புக்கனாவும் உடனாய்வாளர்களும் காட்டினர். தொழுநோய் நரம்பைத் தேடிச் செல்வதற்கான வேதி விளக்கங்களுள் இது ஒன்று. முதுகெலும்பு ஒரே வகையினது. நுனியில் உள்ள சர்க்கரைகளே அம்மூலக்கூறு எதனைத் தீண்டும் என்பதை முடிவு செய்கின்றன.

உறையே இலக்கு

நுண்ணுயிரியைக் காக்கும் இவ்வுறை அதன் வலுவற்ற இடமாகவும் உள்ளது. 1952ஆம் ஆண்டு முதல் காசநோய்க்கு வழங்கப்படும் ஐசோனியசிட், மைக்காலிக் அமிலத்தின் உருவாக்கத்தைத் தடுக்கிறது. எத்தாம்பியூட்டால் அரபினோகலக்டான் அடுக்கின் உருவாக்கத்தைத் தடுக்கிறது. மருந்தெதிர்ப்பு நுண்ணுயிரிகளுக்கு வழங்கப்படும் டெலமனிடும் மைக்காலிக் அமிலத்தையே தாக்குகிறது. மனிதச் செல்களில் மைக்காலிக் அமிலமோ அரபினோகலக்டானோ இல்லாமையால், இம்மருந்துகளின் நேர் இலக்கு நுண்ணுயிரியிடம் மட்டுமே உள்ளது. சென்னை மையத்தின் வீட்டுச் சிகிச்சைச் சோதனையில் வழங்கப்பட்ட இரு மருந்துகளுள் ஐசோனியசிட் ஒன்று. அதன் செயல்முறை வேதியியல் அடிப்படையில் விளங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, அது நோயாளிகளின் வீடுகளில் நுண்ணுயிரியின் ஆடையைக் களைந்துகொண்டிருந்தது.

முடிவுரை

பாக்டீரியாச் செல்சுவர்க் கொழுமியங்களின் நச்சுத்தன்மை மூன்று கூறுகளின் சேர்க்கையால் அமைகிறது. மூலக்கூற்றின் கட்டமைப்பு முதற்கூறு. கொழுமியம் ஏ-யின் ஆறு சங்கிலிகளும் இரு பாஸ்பேட்டுகளும் இதற்குச் சான்று. அது அடுக்கப்பட்டிருக்கும் முறை இரண்டாம் கூறு. நீரில் அமைதியாகவும் எண்ணெய்ப் பரப்பில் நஞ்சாகவும் செயற்படும் நாண்காரணி இதற்குச் சான்று. அதனை எதிர்கொள்ளும் உடல் மூன்றாம் கூறு. எலியும் மனிதனும் ஒரே மூலக்கூற்றை வேறுவேறாக உணர்வது இதற்குச் சான்று.

ஒரு கொழுமியம் வன்மையோடு சேர்ந்து காணப்படுவது ஆய்வின் தொடக்கமே. அதனை மட்டும் நீக்கியபின் விளைவு மாறுகிறதா எனக் கண்டபின்னரே காரணம் என்னும் சொல்லைப் பயன்படுத்த இயலும். இவ்வளவுகோலால் தையோசெரால் மெழுகின் பங்கு உறுதியாயிற்று. சல்பேட் கொழுமியத்துக்கு வேறொரு பணி புலப்பட்டது. வலுவிழப்புக் காட்டி மரபுக்கிளையின் அடையாளமாக விளக்கம் பெற்றது. தென்னிந்திய நுண்ணுயிரியை வலுவற்றது எனக் குறித்தது கினிப்பன்றியின் உடல். நோயாளியின் உடல் அவ்வாறு கூறவில்லை. எனவே தமிழகத்தின் காசநோயை ஆராய்வோர் எச்.37 ஆர்.வி. போன்ற அயல் மரபுக்கிளையின் கொழுமியங்களை மட்டும் அளவுகோலாகக் கொள்ளாமல், இம்மண்ணின் நோயாளிகளிடம் மிகுதியாகக் காணப்படும் மரபுக்கிளையின் உறையையும் அதனை எதிர்கொள்ளும் மனித உடலையும் சேர்த்தே ஆராய்வது தேவையாகிறது.